அறுபத்தொண்ணாம் நம்பர் போர்டு

உக்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சி கொஞ்சம் ஆடும், ஆனா ஆளத் தள்ளிவிடாது. போன எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, இங்கன டவரு கெடயாது. அந்தா தெரியுதுல்லா கூகப்பாற, அதுமேல ஏறி நின்னா ரெண்டு கோடு வரும். மேகம் எறங்கிட்டா அதுவும் போயிரும். போர்டுதான பாக்கணும்? பாக்கலாம். அதுக்கென்ன காலா இருக்கு, எந்திரிச்சி நடந்து போறதுக்கு.

செக்போஸ்ட்டுல என்னையப் பாக்கச் சொன்னாவளாக்கும். சொல்லுவாவ. அங்க இருக்க வனக்காப்பாளருக்கு நாக்காலிய விட்டு எந்திரிக்கணும்னா உசுரு போயிரும். யாரு வந்து போர்டு எங்கன்னு கேட்டாலும், "முப்பிடாதியக் கேளுங்க, அவ புருசன் நட்டதுதான அம்புட்டும்"னு சொல்லிருவாரு. அது நெசந்தான். இந்த மலயடிவாரத்துல நிக்கிற எம்பத்தியாறு பாரஸ்ட்டு போர்டையும் குழி தோண்டி நட்டது எங்க வீட்டுக்காரருதான். பட்டமுத்துன்னு பேரு. காண்ட்ராக்டருகிட்ட கூலிக்குப் போனாவ. அவுக செத்து வார கார்த்திகையோட அஞ்சு வருசம் ஆவுது. போர்டு நிக்கி, அவுக இல்ல.

ஒங்க பேரு என்னன்னு சொன்னீங்க? இளம்பரிதியா? அம்புட்டும் என் வாயில நொழயாது, பரிதின்னே கூப்பிடுதேன். காலேஜ் பிள்ளையா? எத்தன நாளு ட்ரெயினிங்கு? முப்பதா? போன வருசம் வந்த பிள்ளைக்கு நாப்பத்தஞ்சு நாளு குடுத்தாவளே. ஒங்களுக்கு மட்டும் ஏன் கொறச்சிட்டாவ? நீங்க கேட்டு வாங்கியிருக்கலாம்லா. சரி, கெடக்கட்டும். கருப்பட்டிக் காப்பி போடுதேன், குடிங்க. பாலு கெடயாது. ஆடு கறக்கு, ஆனா ஆட்டுப்பால் காப்பின்னா நீங்க குடிக்க மாட்டீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது.

இது முன்னால காப்பிக்கடதான். அருவிக்கிப் போற சனம் அம்புட்டும் இந்த வழியாத்தான் போவும். சனி ஞாயிறுல வட சுட்டு மாளாது. பொறவு ஒரு வருசம் தண்ணி வரத்துல ரெண்டு பேரு அடிச்சிட்டுப் போயிட்டாவன்னு, இனி அருவிக்கி யாரும் போவக் கூடாதுன்னுட்டாவ. "பொதுமக்கள் செல்ல அனுமதி இல்லை"ன்னு ஒரு போர்டு. அந்தா, எதுத்தாப்புல நிக்கில்லா, அதுதான். அதயும் அவுகதான் நட்டாவ. காலைல நட்டுட்டு மத்தியானம் இங்கயே வந்து கஞ்சிக்கு உக்காந்தாவ. "எங்கடைய மூடுததுக்கு நீரே குழி தோண்டிட்டு வாறீராக்கும்"னு கேட்டேன். "நா நடலன்னா இன்னொருத்தன் நடுவான். அவன் கஞ்சி குடிக்க இங்க வருவானா?"ன்னாவ. சிரிச்சிட்டேன்.

பக்கத்துல ரெண்டு வீடு இருந்துச்சு. அவுகளும் தென்காசிப் பக்கம் போயிட்டாவ. மகன் திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான். என்னையும் கூட்டிட்டுத்தான் போனான். பதிமூணு நாளு இருந்தேன். ஒரு தெருவுக்குள்ள ஆயிரம் பேரு, ஒருத்தரு ஒருத்தருகிட்டப் பேச மாட்டக்காவ. அதுக்கு ஆட்டுகிட்டப் பேசிட்டுக் கெடக்கலாம்னு வந்துட்டேன். தனியா இருக்கது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல தம்பி. நா அதக் கணக்குலயே எடுக்கதில்ல. சிலருக்குத்தான் எப்பவும் பேச்சுத்தொண வேணும், வாய மூடிட்டு இருக்க முடியாது. நா அப்படியாப்பட்ட ஆளு இல்ல.

காப்பி கொதிக்கட்டும். அந்தப் பிள்ளையப் பத்திச் சொல்ல வந்தேன்லா.

போன வருசம் ஆனி மாசம். சாரல் விழ ஆரம்பிச்சிருந்துச்சு. ஒம்பது மணி பஸ்ஸு வந்து திரும்புது, ஒரு பிள்ள எறங்கி நிக்கா. ஒல்லியா, முதுகுல ஒரு பை, கழுத்துல போனத் தொங்கவிட்டிருக்கா. பெனிட்டான்னு பேரு. மார்த்தாண்டத்துக்கு மேக்க ஏதோ ஊரு, அப்பா ரப்பரு பால் வெட்டுதவரு. நேரா வந்து, "ஆன்ட்டி, எனக்க லிஸ்டுல ஒண்ணாம் நம்பர் போர்டு உங்க கடைக்கு எதுத்தாப்புலன்னு போட்டிருக்கு"ன்னா. நா ஒனக்கு ஆன்ட்டியும் இல்ல கீன்ட்டியும் இல்லன்னேன். "அப்ப மாமின்னு விளிக்கட்டா?"ன்னா. அன்னையிலருந்து மாமிதான்.

அவ கூட வனக்காப்பாளரு போவணும்னு ஆர்டரு. அவரு எங்க போறாரு? நாந்தான் போனேன். அம்புட்டு நாளும் நாந்தான் போனேன்.

அந்தச் சோலி ஒங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்லுதேன். போர்டுகிட்டப் போயி போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பா. மொதல்ல இருவது மீட்டருன்னு காட்டும். அப்படின்னா நாம நிக்கிற எடம் இருவது மீட்டரு அங்கயோ இங்கயோன்னு அர்த்தமாம். கொஞ்சங் கொஞ்சமா எறங்கி பத்து, எட்டு, அஞ்சுன்னு வரும். மூணு வந்ததும் அமுக்குவா, மேப்புல ஒரு புள்ளி விழும். பொறவு போட்டா. பொறவு போர்டுக்குப் பின்னால இருக்க நம்பரு. எழுத்து நல்லாருந்தா பச்சப் புள்ளி, அழிஞ்சிருந்தா மஞ்ச, போர்டு விழுந்து கெடந்தா செவப்பு.

வெட்டவெளிப் போர்டுன்னா ரெண்டு நிமிசத்துல மூணு மீட்டரு வந்துரும். மரத்தடிப் போர்டுன்னா லேசுல வராது. எலைக்கு மேல இருந்து சேட்டிலைட்டுக்குக் கண்ணு தெரியாதாம். பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம் அசையாம நிக்கணும். அந்த நேரத்துலதான் அவ பேசுவா. அவுக அம்மைக்கு மூட்டுவலி, தம்பி படிக்க மாட்டக்கான், டவுன்ல அவ தங்கியிருந்த சிஸ்டர்மாரு ஹாஸ்டல்ல சாம்பாரு தண்ணியா இருக்கு, எல்லாஞ் சொல்லுவா. நானும் பேசுவேன். என்ன பேசுனேன்னு கேட்டா எனக்கு ஞாவமில்ல. ஆனா சாயங்காலம் தொண்ட கட்டிப்போவும், வெந்நி வச்சிக் குடிப்பேன். எனக்கு மரத்தடிப் போர்டுதான் பிடிக்கும்.

காட்டுக்குள்ள போவும்போது சத்தமாப் பாடிட்டே வருவா. எல்லாம் மாதா கோயில் பாட்டு. ஏன் மக்ளே தொண்டயக் கிழிக்கன்னா, ஆனைக்கிக் கேட்டு ஒதுங்கிக்கிடட்டும் மாமிம்பா. ஆன ஒதுங்குச்சோ என்னமோ, நாங்க ஒரு நாளும் பாக்கல. அட்டதான் கடிச்சிச்சு. ஒரு நாளு அவ கால்ல ஏழு அட்ட. சுண்ணாம்பு தடவி ஒவ்வொண்ணா எடுத்தேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு என் தோளப் பிடிச்சிட்டு நின்னா. எம்மவன் சின்னப்பிள்ளையா இருந்ததுக்குப் பொறவு என்னைய யாரும் அப்படிப் பிடிச்சதில்ல.

சோறு இங்கனதான். நா அஞ்சு மணிக்கே எந்திரிச்சி வடிச்சிருவேன். மீனு இல்லாம அவளுக்குச் சோறு எறங்காது. இந்தக் காட்டுல மீனுக்கு எங்க போறது? சந்தையில சாளக் கருவாடு வாங்கியாந்து, தேங்கா அரச்சி ஊத்தி, மாங்கா கீறிப் போட்டுக் கொழம்பு வச்சேன். "கொள்ளாம் மாமி"ன்னா. அவுக ஊருல அப்படின்னா நல்லாருக்குன்னு அர்த்தமாம். மறுநாளும் வச்சேன். அதுக்கும் மறுநாளும் வச்சேன். பாவம், அவளும் ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னா.

ஒரு நாளு மழ விடல, வெளிய போவ முடியல. லேப்டாப்ப எடுத்து மேப்பக் காட்டுனா. காடு, ஓட, ரோடு, வழி நெடுக புள்ளி. இதுல எவ்வீடு எங்கடின்னு கேட்டேன். ஒண்ணாம் நம்பருக்கு எதுத்தாப்புல வெறும் எடமாக் கெடந்துச்சு. "இதுல போர்டு மட்டுந்தான் மாமி வரும்"னா. செத்த நேரங் கழிச்சி அவளே ஒரு சின்ன வீட்டுப் படம் வச்சி, "முப்பிடாதி மாமி கடை"ன்னு எழுதுனா. பொறவு வனக்காப்பாளருக்கு மேல உள்ள வனவரு பாத்துட்டு, கடைன்னு ஒண்ணு இருக்கவே கூடாது, எடுத்துருன்னுட்டாராம். எடுத்துட்டா. அதுக்கு அவ என்ன செய்வா.

அவளுக்கு இந்த வேலையில ஒரு பெரிய காரியம் இருந்துச்சு தம்பி. எம்பத்தியாறையும் முடிச்சி மேப்பு குடுத்து, ரேஞ்சரு கையெழுத்துப் போட்டாத்தான் காலேஜ்ல பாஸு. பாஸானா ஐதராபாத்துல ஒரு கம்பெனியில வேல. லெட்டரே வந்துட்டு. ஆவணி பிறந்ததும் சேரணும். தெனமும் கூகப்பாறையில ஏறி நின்னு அவுக அப்பாகிட்டப் பேசுவா. "இன்னும் நாப்பதுதான் அப்பா." "இன்னும் முப்பதுதான் அப்பா." நா பாறைக்குக் கீழ நின்னு கேட்டுட்டு இருப்பேன். அவ அப்படிச் சொல்லும்போது, பாற வழுக்கும் எறங்கு மக்ளேன்னு சத்தம் போடுவேன்.

முப்பத்தியேழு நாள்லயே முடிச்சிட்டா. கெட்டிக்காரி. கடைசிப் போர்டுல புள்ளி வச்சிட்டு ரோட்டுல துள்ளுதா. "திங்கக்கெழம வனவரு வந்து பத்து போர்டு மட்டும் செக் பண்ணுவாரு மாமி. எனக்க புள்ளியில போயி நின்னா அங்க போர்டு இருக்கணும், அவ்வளவுதான். செவ்வாக்கெழம நா ஊருக்குப் போயிருவேன்"னா. வனவருக்கு முட்டுவலி, அதனால ரோட்டோரமா உள்ள அம்பத்தஞ்சுலருந்து அறுபத்தினாலு வரைக்கும் பாப்பாருன்னும் சொன்னா. சந்தோசம்டி மக்ளேன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன்.

திங்கக்கெழம வனவரு வந்தாரு. அம்பத்தெட்டாம் புள்ளியில போர்டு இல்ல, நாப்பதடி தள்ளி மருதமரத்தடியில நிக்கி. அறுபத்தினாலு ஒரு பூவரச மரத்தடியில நிக்கி. அறுபத்தொண்ணு ஆளையே காணும். அந்தப் பிள்ளைக்கு மொகம் வெளுத்துப்போச்சு. நாந்தான் குறுக்க விழுந்து, ஆன வந்திருக்கும் சாருன்னேன். ஆன முதுகு சொறியும்லா போர்டுல. அதுக்கு அவரு, "ஆன போர்டப் பிடுங்கி, நாப்பதடி தள்ளிக் குழி தோண்டி, நேரா நட்டு வச்சிட்டுப் போவுமா?"ன்னு கேட்டாரு. அந்த ஆளுக்கு எல்லாத்துக்கும் ஒரு நக்கலு.

இந்தாங்க காப்பி. சூடா இருக்கு, பாத்துக் குடிங்க.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? மொதல்ல அந்தப் பேனாவ மூடி வைங்க. இதெல்லாம் எழுதக் கூடாது, சும்மா பேசிட்டு இருக்கோம்.

சரி. ஒங்ககிட்ட மறச்சி எனக்கு என்ன ஆவப்போவுது. ஆன இல்ல. நாந்தான்.

ஞாயித்துக்கெழம அவ டவுன்ல கோயிலுக்குப் போயிருவா, இங்க வரமாட்டா. அன்னைக்கி மத்தியானம் எங்க வீட்டுக்காரரு கடப்பாறைய எடுத்துட்டுப் போனேன். எந்தப் போர்டுக்குக் காண்ட்ராக்டரு சிமிண்டு போட்டான், எதுக்கு வெறும் மண்ணப் போட்டு மிதிக்கச் சொன்னான்னு அவுக எங்கிட்டச் சொல்லியிருக்காவ. அறுபதுக்குப் பக்கத்துல உள்ளது பூராவும் மண்ணுதான். ரெண்டு ஆட்டு ஆட்டுனா மரச்சீனிக் கெழங்கு மாதிரி வந்துட்டு. ரெண்ட மரத்தடியில கொண்டுபோயி நட்டேன். நட்டு, மிதிச்சி, சுத்தி சருகையும் அள்ளிப் போட்டேன். மரத்தடின்னா மூணு மீட்டரு வார நேரம் ஆவும்லா. அறுபத்தொண்ணு தகரம் நல்லா கெட்டி. அத வீட்டுக்குக் கொண்டாந்து ஆட்டுப்பட்டிக்குப் படலா வச்சிட்டேன். எழுத்து உள்பக்கமா. பின்னால இருந்த நம்பருமேல சாணியப் பூசிட்டேன்.

நா கெடுதலு நெனக்கல தம்பி. நாப்பத்தஞ்சு நாள்ல முப்பத்தியேழுதான ஆயிருக்கு? மிச்சம் எட்டு நாளு அவளுக்குக் கையிலதான கெடந்துச்சு? அவளுக்குள்ள நாளுதான அது? அந்த எட்டு நாளும் ஊருல போயி என்ன செய்யப் போறா? இங்க இருந்தா நாலு எடத்தத் திருப்பிப் பாப்பா, வாய்க்கு ருசியாத் திம்பா. இதுல யாருக்கு என்ன நட்டம்? மூணே மூணு போர்டு.

ஆனா அந்த வனவரு, எம்பத்தியாறயும் மொதல்லருந்து பாருன்னுட்டாரு. அத நா எதிர்பாக்கல. எட்டு நாள்ல எம்பத்தியாறு. பஸ்ஸுக்கு நிக்காம விடியக்காலமே நடந்து வந்துருவா. ஓட்டம்தான். பாட்டு கெடயாது. மரத்தடியில நிக்கும்போதும் ஒரு வார்த்த பேச மாட்டா, போனையே பாத்துட்டு நிப்பா. "சோறு வேண்டாம் மாமி, நடந்துகிட்டே பிஸ்கட் தின்னுக்கிடுதேன்"னா. நா தூக்குவாளியத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன். நின்னு ஒரு வா திங்கக் கூடாதா? எனக்குன்னா மனசே ஆறல. எதுக்கு இந்தப் பாடு, இன்னொரு மாசம் சேத்துக் கேட்டு வாங்குனா என்னன்னு சொன்னேன். "ஆவணியில சேரலன்னா வேல போயிரும் மாமி"ன்னா. கம்பெனிக்காரன் ஒரு மாசம் பொறுக்க மாட்டானா? பொறுப்பான். இவதான் பயந்து சாவுதா.

அதனால இன்னும் ரெண்ட நகத்துனேன்.

ஆமா தம்பி. கால்வலின்னு சொல்லி ஒரு நாளு வீட்டுல இருந்துட்டு, அவ மேக்க போயிருந்த நேரத்துல. இந்தத் தடவ கண்டிப்பா மாசத்தச் சேத்துக் குடுப்பாவன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனப்பாவ?

கடைசி நாளு ரேஞ்சரே ஜீப்புல வந்துட்டாரு. ரெண்டு போர்டு புள்ளியில இல்ல. அவரு கத்துன கத்து கூகப்பாறைக்குக் கேட்டிருக்கும். "இந்தக் கடையில உக்காந்து கருவாடு தின்னுட்டு, இஷ்டத்துக்குப் புள்ளி வச்சிட்டு வந்திருக்க"ன்னாரு. அவ அழல. "இல்ல சார், நா போனேன் சார், போட்டா இருக்கு சார்"னு அதையே சொல்லிட்டு நின்னா. அப்பதான் என்னையப் பாத்து, "நீ சொல்லு, இவ போனாளா?"ன்னாரு.

நா விடல தம்பி. நாயம் பேசுனேன். "ஒவ்வொரு போர்டுக்கும் போனா சார், நா கூடவே போனேன், சாமி சத்தியம்"னேன். ரேஞ்சரு முன்னால நின்னு எவ பேசுவா? நா பேசுனேன். "அப்ப போர்டு எப்படி நகந்துச்சு?"ன்னாரு. அது எனக்கு எப்படி சார் தெரியும்னேன். காப்புக்காட்டுப் போர்டுல எவன் கை வச்சிருந்தாலும் கேசு போட்டு உள்ள தள்ளிருவேன்னு பொதுவா ஒரு சத்தம் போட்டாரு. என்னையப் பாத்துச் சொல்லல. கையெழுத்துப் போட முடியாதுன்னு பேப்பர அவ கையிலயே குடுத்துட்டாரு.

அவ பைய எடுக்க இங்க வந்தா. வந்த நேரம் பாத்து ஒரு குட்டி படலத் தள்ளிட்டு வெளிய ஓடுது. அவ மனசு எந்த நெலமையில இருந்திருக்கும், இருந்தும் அதப் பிடிச்சி உள்ள விடப் போனா. அந்த மாதிரிப் பிள்ள. படலச் சாத்துனவ அப்படியே நின்னுட்டா. நா அடுப்பாங்கரையில இருந்து பாக்கேன். தகரத்துக்கு உள்பக்கம் "அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்"னு இருக்குல்லா. வெளிப்பக்கத்துச் சாணியப் பெருவெரலால தேச்சா. ஆறு தெரிஞ்சிச்சு. இன்னும் கொஞ்சம் தேச்சா. ஒண்ணும் தெரிஞ்சிச்சு.

ஜீப்பு அந்தா, அந்த எடத்துலதான் நிக்கி. ரேஞ்சரு கதவுல சாஞ்சி வனவருகிட்டப் பேசிட்டு இருக்காரு. அவ ஒரு சத்தம் குடுத்திருந்தாப் போதும். ஜீப்பப் பாத்தா. திரும்பி என்னையப் பாத்தா. எங்கையில கரண்டி, கீழ வைக்கவும் தோணல. பொறவு குனிஞ்சி படலுக் கயித்த நல்லா இழுத்து ரெண்டு முடிச்சுப் போட்டா. "இனி ஆடு வெளிய வராது மாமி"ன்னா. பையத் தூக்கிட்டுப் போயிட்டா. நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் ஒண்ணரமணி நேரம் கெடந்துச்சு. ரோட்டோட நடந்தே போயிட்டா. நா சோறு போட்டு வச்சிருந்தேன்.

அன்னையோட சரி. ஒரு போன் கெடயாது. வாரத்துல ரெண்டு தடவ கூகப்பாறையில ஏறி அடிக்கேன். மணி அடிக்கி, எடுக்க மாட்டக்கா. நாப்பத்தஞ்சு நாளு கஞ்சி ஊத்துன கைய மறந்துட்டாளேன்னு எனக்கு அவ மேல கோவம். தெரிஞ்சிட்டுன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? ரேஞ்சருகிட்டச் சொல்லியிருக்கலாம்லா? சொல்லியிருந்தா நா இல்லன்னா சொல்லப்போறேன்? வாயத் தொறக்காமப் போனது அவ. அது யாரு குத்தம்? அவ ரெண்டு ஏச்சு ஏசிட்டுப் போயிருந்தாக்கூட எனக்குப் பாரமில்ல. அந்த முடிச்ச நா இன்னும் அவுக்கல தம்பி. பட்டிக்குப் பின்பக்கமா ஒரு வழி வச்சி, ஆட்ட அதுல பத்திட்டுப் போறேன்.

என்ன சொல்லுதீங்க? அவ ஒங்க காலேஜா?

ஒங்களுக்கு ஒரு வருசம் மூத்த பிள்ளையா. இத வந்த ஒடனே சொல்லியிருக்கலாம்லா. எப்படியிருக்கா? எளச்சிட்டாளா? ஐதராபாத்துக்குப் போவலயா? வேல போயிட்டா. ஓ. இப்ப ஊருல ஜெராக்ஸ் கடையிலயா நிக்கா.

என்னையப் பத்தி ஏதாவது கேட்டாளா? ஒண்ணுஞ் சொல்லலையா. இங்க நடந்ததப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்தகூடச் சொல்லலையா.

இருங்க, மெதுவாச் சொல்லுங்க, எனக்கு வெளங்கணும். நா போயி ரேஞ்சருகிட்ட ஒள்ளதச் சொன்னா, அவரு ஒரு லெட்டரு குடுப்பாரு. அத வச்சி காலேஜ்ல அவளுக்குப் பாஸு போட்டுருவாவ. அம்புட்டுதானா? அந்த ஒரு லெட்டருதான் கொறயா? வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கணுமா. இன்னைக்கி என்ன, புதனா. ரேஞ்சரு இன்னைக்கி ஆபீசுலதான் இருக்காரா. பைக்குல கூட்டிட்டுப் போறீங்களா இப்பமே.

கேசு போடுவாரோ? போட்டாப் போடட்டும். எனக்கு அதுக்குப் பயமில்ல தம்பி. செயிலுன்னாலும் நாலு பேரு இருப்பாவ. சொல்லுதேன். அந்தப் பிள்ள நல்லாருக்கணும். கண்டிப்பாச் சொல்லுதேன், எங்க வீட்டுக்காரரு மேல ஆணயாச் சொல்லுதேன்.

ஆனா இன்னைக்கி வேண்டாம்.

இல்ல, நாஞ் சொல்லுதத செத்தக் கேளு. இன்னைக்கி நா போயிச் சொன்னா, அந்த ரேஞ்சரு என்னையப் போர்டுப் பக்கமே அண்டவிடமாட்டாரு. ஒனக்கு வழிகாட்ட வேற எவனையாவது போட்டுருவாரு. அவனுக்கு எது எங்க நிக்கின்னு என்ன தெரியும்? நீ தப்பாப் புள்ளி வச்சி, ஒனக்கும் கையெழுத்து இல்லன்னு ஆயிட்டா? ஒரு பிள்ளைக்கி ஆனது போதாதா? மொதல்ல ஒஞ் சோலி முடியட்டும். எம்பத்தியாறும் முடியட்டும். நீ கடைசிப் புள்ளிய வச்ச அன்னைக்கே நேரா ரேஞ்சரு ஆபீசுக்குப் போறோம், நா எல்லாத்தையும் சொல்லிருதேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமன்னா? காலேஜ்காரன் அப்படித்தான் பயங்காட்டுவான், அடுத்த வருசம் பரீச்ச வைக்காமலா போயிருவான்? ஒரு வருசம் பொறுத்தவ இன்னும் முப்பது நாளு பொறுக்க மாட்டாளா?

பைக்க இங்கனயே போட்டுரு, மேல ஏறாது. நடந்துதான் போவணும். ஒரு நாளைக்கி மூணு போர்டு, அதுக்கு மேல ஆவாது. மூணு மூணாப் பாத்தா ஒன் முப்பது நாளைக்கிச் சரியா இருக்கும். காப்பி ஆறுது, குடி. ஒல வைக்கணும். நீ முட்ட தின்னுவல்லா மக்ளே?